பெட்டியில் எழுதியிருக்கும் 7000

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கேம் விளையாடும் பிள்ளை இருந்தால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான். பிள்ளையும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அவரும் கேட்கட்டும், காசு கொடுக்கப்போகிற நீங்களும் கேளுங்கள்.

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடைக்குள் போய், எஸ்.எஸ்.டி, அதாவது கேம்களையும் கோப்புகளையும் சேமித்து வைக்கும் புதுவகை டிஸ்க், வேண்டும் என்றால், கண்ணாடி மேசையில் பெட்டிகளை வரிசையாக வைப்பார்கள். ஒன்றில் 560 என்று போட்டிருக்கும். அடுத்ததில் 3500, அதற்கடுத்ததில் 7000. இப்போது 14,000 போட்டதும் வந்துவிட்டது. செக்கனுக்கு அத்தனை மெகாபைட் வாசிக்கும் என்று அர்த்தம். பிள்ளையின் கண் எங்கே போகும்? பெரிய எண்ணுக்குத்தான். கடைக்காரரின் கையும் அங்கேதான் போகும், அவரைக் குறை சொல்ல முடியாது. நான் வருடக்கணக்காகக் கேமிங் கம்ப்யூட்டர்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பவன். என்னைக் கேட்டால், அந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வாங்குங்கள் என்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது. அதன் மேலே மெல்லிய கை ஒன்று முன்னும் பின்னும் ஓடித் தரவைத் தேடுகிறது. ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 10 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு. இதெல்லாம் ஒரு நேரமா என்று தோன்றும். ஆனால் ஒரு கேம் திறக்கும்போது இங்கே ஒரு சுவரின் படம், அங்கே ஒரு காலடிச் சத்தம் என்று ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கும். நூறில் ஒரு பங்கை ஆயிரங்களால் பெருக்கிப் பாருங்கள். பிள்ளை கேமைத் தட்டிவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவது அதனால்தான். எஸ்.எஸ்.டியில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. அதே தேடலுக்கு ஹார்ட் டிஸ்க் எடுக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கே போதும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு, சொல்லாமல் போகமாட்டேன். பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் கன்சோலை வடிவமைத்த மார்க் செர்னி, 2020 மார்ச்சில் ஓர் உரை நிகழ்த்தினார். ஹார்ட் டிஸ்க்கின் அந்தக் கை அதிகம் ஓடாமல் இருக்க, கேம் செய்பவர்கள் ஒரே தரவைத் திரும்பத் திரும்பப் பதிந்து வைத்தார்களாம். நகரத்தில் நடக்கும் கேம் ஒன்றில் சில துண்டுகள் 400 தடவை பதிந்திருந்தனவாம். தெருவோரத் தபால்பெட்டி போன்ற சாமான்கள்! எந்தத் தெருவுக்குப் போனாலும் தபால்பெட்டி வேண்டும், அதைத் தேடிக் கை தூரம் போகக்கூடாது, ஆகவே தெருவுக்குத் தெரு ஒரு பிரதி. இன்னொன்றும் உண்டு. கேமுக்குள் லிஃப்ட் ஆடி அசைந்து ஏறும், அல்லது ஆள் ஒருவன் குறுகலான சந்துக்குள் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போவான், கவனித்திருக்கிறீர்களா? பல இடங்களில் அது கதைக்காக வைத்ததல்ல. அடுத்த இடம் டிஸ்க்கிலிருந்து வந்து சேரும்வரை உங்களை மினக்கெடுத்துவதற்காக வைத்தது. செர்னியின் கன்சோலில் எஸ்.எஸ்.டி செக்கனுக்கு 5.5 ஜிகாபைட், அதாவது 5500 மெகாபைட் கொடுக்கும். அது வந்தபிறகு, கம்ப்யூட்டர் கேம்களும் எஸ்.எஸ்.டி கட்டாயம் என்று கேட்கத் தொடங்கிவிட்டன.

சரி, அப்படியானால் 7000 நல்லதுதானே என்பீர்கள். இல்லை. திரும்பவும் சொல்கிறேன், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டிக்கு மாறுவதுதான் பெரிய பாய்ச்சல். 560 காரரிலிருந்து 7000 காரருக்கு மாறினால், பெரும்பாலான கேம்களில் திறக்கும் நேரம் ஒன்றிரண்டு செக்கன்தான் குறையும். தெற்கு அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகிற கார், மாலை ஐந்தரைக்குக் கொழும்பின் காலி வீதி நெரிசலில் அப்படிப் போகுமா? 7000 என்பது ஒரே பெரிய கோப்பை ஒரே மூச்சில் வாசிக்கும்போது வரும் எண். சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால், விலை கூடிய டிஸ்க்குகளும் நூறு மெகாபைட்டைத் தாண்டத் திணறும். அதற்குப் பிறகு சுருக்கி வைத்த தரவைக் கம்ப்யூட்டரின் மூளையான பிரசெசர் விரிக்க வேண்டும், அதற்கும் நேரம் வேண்டும். அந்த வேலையைத் திரையின் படங்களை வரையும் கிராஃபிக்ஸ் கார்டிடம் தள்ள, மைக்ரோசொஃப்ட் 2022 இல் டைரக்ட்ஸ்டோரேஜ் என்று ஒன்றை வெளியிட்டது. நல்ல யோசனைதான், பயன்படுத்தும் கேம்கள் இன்னும் குறைவு.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணா, 7000 போட்டேன், எஃப்.பி.எஸ் கொஞ்சமும் கூடவில்லையே." கூடாது தம்பி, எஃப்.பி.எஸ் என்பது செக்கனுக்குத் திரையில் எத்தனை படம் வரும் என்ற கணக்கு, அது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: பெரிய கேம் ஒன்றைக் கொப்பி பண்ணும்போது, முதலில் பறக்கிறது, பிறகு படுத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். டிஸ்க்குக்கு மேலே சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க், வடிவாகப் பூட்டியிருந்தது. அதைக் கழற்றினால், அடியில் இருக்கும் சாம்பல் நிற ரப்பர் பட்டியில் மெல்லிய நீல பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் அப்படியே ஒட்டியிருந்தது! சூடு மேலே போக வழியில்லை. ஏசி இல்லாத அறை, கொழும்பு வெயில். சூடு மிஞ்சியதும் டிஸ்க் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். தாளை உரித்துத் திரும்பப் பூட்டினோம், சரியாகிவிட்டது. இது அவருக்கு மட்டும் நடப்பதல்ல, காசு வாங்கிப் பூட்டிக்கொடுப்பவர்களும் இதை மறக்கிறார்கள். உரித்த தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

அப்போது எதைப் பார்த்து வாங்குவது? அளவைப் பாருங்கள். ஒரு கேமே 100 ஜிகாபைட்டைத் தாண்டும் காலம் இது, 7000 போட்ட 500 ஜிகாபைட்டைவிட 3500 போட்ட ஒரு டெராபைட் பிள்ளைக்குப் பிரயோசனம். உள்ளே தரவைப் பதியும் சிப் டி.எல்.சி வகையா, கியூ.எல்.சி வகையா என்று கேளுங்கள். கியூ.எல்.சி மலிவு, ஆனால் பெரிய கோப்பு எழுதும்போது பாதியில் வேகம் விழுந்துவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார், நேரம் முடிகிறதாம். நான் இன்னும் பாதியில்தான் நிற்கிறேன், ஆகவே ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போகமுன் உங்கள் மதர்போர்டின், அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகங்களும் பூட்டும் பலகையின், மாடல் பெயரைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சில போர்டுகளில் எம்.2 என்ற, மெல்லிய டிஸ்க்கைச் செருகும் இடம் இருந்தும் அது 560 போட்ட சாட்டா வகையை மட்டும் ஏற்கும், 3500, 7000 போட்ட என்.வி.எம்.இ வகையைப் போட்டால் கம்ப்யூட்டரின் கண்ணுக்கே தெரியாது. ஜென் என்றால் தலைமுறை; ஜென் 3 போர்டில் 7000 போட்ட ஜென் 4 டிஸ்க் வேலை செய்யும், ஆனால் 3500 அளவில்தான். எம்.2 இடமே இல்லாத பழைய போர்டா? 560 காரரைக் கேபிளில் கொழுவுங்கள், போதும். டிஸ்க்கை முட்ட முட்ட நிரப்பாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எறியவும் வேண்டாம், யூ.எஸ்.பி உறை ஒன்றில் போட்டுக் குடும்பப் படங்களை அதிலும் ஒரு பிரதி வையுங்கள். ஏனென்றால் எஸ்.எஸ்.டியில் அழித்தது பெரும்பாலும் திரும்பி வராது. மின்வெட்டு, யூ.பி.எஸ் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அதைப் புரட்ட நேரமில்லை. நன்றி, வணக்கம்.