நைட்ரொக்ஸ் தரும் நேரமும் குறைக்கும் ஆழமும்

அன்பான நேயர்களே, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக் கடலில் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க ஆசைப்படும் இளம் சுழியோடிகள், "நைட்ரொக்ஸ் கொண்டு போகலாமா, ஐயா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. போகவே கூடாது என்பதுதான் என் விடை.

நாம் சுவாசிக்கும் வளியில் ஒட்சிசன் 21 வீதம். நைட்ரொக்ஸ் எனப்படும் செறிவூட்டிய வளியில் அது பெரும்பாலும் 32 அல்லது 36 வீதம். நைதரசன் குறைவதால் உடலில் கரைவதும் குறைகிறது. ஆகவே 18 மீற்றரில் சாதாரண வளியுடன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கலாம் என்றால், 32 வீதக் கலவையுடன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் இருக்கலாம். சாதாரண வளிக்குரிய நேரத்திலேயே மேலே வந்துவிட்டால், நைதரசன் குமிழிகள் மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும் நோய்க்கான வாய்ப்புக் குறைகிறது. நான் விரும்பிக் கைக்கொள்வது இந்த இரண்டாவது வழியைத்தான்.

ஆனால், நைட்ரொக்ஸ் நேரத்தைக் கூட்டும்; ஆழத்தைக் குறைக்கும். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. அந்த மொத்த அமுக்கத்தில் ஒட்சிசனின் பங்கு 1.4 வளிமண்டலத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. 32 வீதக் கலவை ஏறத்தாழ 33 மீற்றரிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஹெர்மிஸின் ஆழத்தில் அது 2 ஆகிவிடும். அங்கே முன்னறிகுறி எதுவுமின்றியே வலிப்பு வரலாம். வாயிலிருந்து சுவாசக்குழல் நழுவினால் மூழ்குவதுதான் முடிவு.

ஒருமுறை 32 மீற்றர் ஆழத்துக்குச் செல்லவிருந்தேன். சிலிண்டரின் கழுத்தில் ஒட்டியிருந்த நாடாவில் 32 என்று எழுதியிருந்தது. வழக்கம்போல ஒட்சிசன் வீதத்தைக் காட்டும் அளவுமானியைத் திறந்த வெளியில் 20.9இல் சரிசெய்துகொண்டு, வால்வை மெல்லத் திருகி, முள் ஓயும்வரை காத்திருந்தேன். அது 37இல் நின்றது. மறுபடி சரிசெய்து பார்த்தபோதும் 37தான். அந்தக் கலவைக்கு 28 மீற்றரைக்கூடத் தொடக் கூடாது. நாடாவைக் கிழித்து, அளவு, ஆழ எல்லை, தேதி மூன்றையும் என் கையாலேயே எழுதி ஒட்டி, திட்டத்தை 25 மீற்றருக்கு மாற்றினேன். நிரப்பியவர் கவனமானவர்தான், ஆயினும் அந்த வளியைச் சுவாசிக்கப் போகிறவர் அளக்காமல் கடலில் இறங்கக் கூடாது. மீண்டும் சொல்கிறேன், நைட்ரொக்ஸ் ஆழத்தைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும் என்பதை அந்த முள்தான் சொல்லும்.

நேரம் நெருங்கிவிட்டதால், தீ ஆபத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. நைட்ரொக்ஸ் கலக்கும்போது தூய ஒட்சிசன் பாயும் குழாயில் சிறிது எண்ணெய்ப் பசை இருந்தாலும் தீப்பற்றக்கூடும்; ஒட்சிசனுக்கெனச் சுத்தம் செய்யப்படாத சிலிண்டரைத் தூய ஒட்சிசன் கொண்டு நிரப்பக் கொடுக்காதீர்கள். வணக்கம்.