விரதம் எனக்கு, பசி யாருக்கு?

வணக்கம். எல்லோரும் நலமா? இந்த வீடியோவை நான் இரண்டாவது முறையாக எடுக்கிறேன். முதலில் எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் பிரசங்கம் மாதிரி இருந்தது. கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே குரல் தானாக ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. அதை அழித்துவிட்டேன். இப்போது சாதாரணமாகப் பேசலாம்.

ஒரு ரயில் பயணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்று எனக்கு விரதம். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர். மத்தியானம் ஆனதும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். பிரித்த கையோடு, "நீங்களும் கொஞ்சம் எடுத்துக்குங்க" என்றார். நான் "வேண்டாம் ஐயா" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "இன்னிக்கு எனக்கு விரதம்" என்றேன். அதுவும் பெட்டியில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. அவர் முகம் சட்டென்று மாறியது. "அடடா, தெரியாமப் போச்சே" என்று பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மரியாதை கிடைத்துவிட்டது இல்லையா!

மீதிக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

ஒரு சமூகம் நிதானமாக இருக்க வேண்டுமென்றால் அதில் மதத்துக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. சட்டத்தால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. திருடினால் பிடிக்கலாம். பேராசைப்பட்டால் எப்படிப் பிடிப்பது? அடித்தால் வழக்கு போடலாம். குத்தலாகப் பேசினால்? அந்த இடைவெளியில் மனிதன் தன்னைத்தானே பிடித்துக்கொண்டால்தான் உண்டு. அதற்கான பழக்கத்தை மதங்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்திருக்கின்றன. மத நம்பிக்கை இல்லாதவர்களுக்குத் தன்னடக்கம் வராது என்று நான் சொல்லவில்லை. என்னைவிடப் பொறுமையான நாத்திகர்கள் எனக்கு நண்பர்களாக இருக்கிறார்கள். இதை அவர்களும் பார்ப்பார்கள், அதனால் சொல்லவில்லை, உண்மையாகவே.

மதம் எப்படி இதைச் சாதிக்கிறது? நரக பயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மன உறுதி ஒரு தசையைப் போன்றது, பயன்படுத்தப் பயன்படுத்தக் களைத்துப் போகும் என்று உளவியலில் ஒரு கருத்து பல வருடங்கள் கொடிகட்டிப் பறந்தது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதைச் சோதித்தன. அப்படிக் களைத்துப்போகிற விளைவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அதற்காக அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் என் அனுபவத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையோடு மல்லுக்கட்டுகிறவர் சீக்கிரம் தோற்றுப்போகிறார். முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறவர் தாக்குப்பிடிக்கிறார். நோன்பு என்றால் என்ன? நாள் குறித்தாகிவிட்டது, நேரம் குறித்தாகிவிட்டது, கூடவே இன்னும் பலர் அதே பசியோடு இருக்கிறார்கள். இன்றைக்குச் சாப்பிடலாமா வேண்டாமா என்று நிமிடத்துக்கு நிமிடம் யோசிக்க வேண்டியதில்லை. காலண்டரும் கூட்டாளிகளும்தான் பாதி வேலையைச் செய்கின்றன.

யூத மரபின் ஓய்வுநாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் வேலை செய்யாதே என்று பத்துக் கட்டளைகளில் இருக்கிறது. அந்த வாக்கியம் அங்கேயே நிற்பதில்லை. உன் மகனும் மகளும் செய்யக் கூடாது, வேலைக்காரனும் வேலைக்காரியும் செய்யக் கூடாது, கால்நடையும், உன் ஊரில் தங்கியிருக்கும் வெளியாளும் செய்யக் கூடாது என்று நீள்கிறது. முதலாளி தன் பேராசைக்குக் கடிவாளம் போட்டால், அவரிடம் வேலை பார்ப்பவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. மாட்டுக்கும் கிடைக்கிறது! பலம் உள்ளவர் அடங்கினால் பலம் இல்லாதவருக்கு இடம் உண்டாகிறது. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு அளவு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறியே ஆக வேண்டும் என்கிறது அதே யூத மரபு. ரமலான் நோன்பில் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு, விட்ட நாள்களை அப்புறம் நோற்றுக்கொள்ளலாம் என்று குர்ஆனிலேயே இருக்கிறது. புத்தர் எலும்பும் தோலுமாகும் வரை தவம் செய்து பார்த்துவிட்டு, இது வழியில்லை என்று எழுந்து சாப்பிட்டார். நடுவழி என்று அவர் சொன்னது அந்தப் பட்டினிக்குப் பிறகுதான்.

சரி, எங்கே கெட்டுப்போகிறது?

அமெரிக்காவின் மதுவிலக்குக் கதையை நம்மில் பலர் பாதிதான் கேட்டிருக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தேவாலயங்களின் ஆதரவோடு ஒரு இயக்கம் கிளம்பியது. "டெம்பரன்ஸ்" என்ற அதன் பெயருக்கே மிதம், நிதானம் என்றுதான் பொருள். ஆரம்பத்தில் காய்ச்சி வடித்த கடுமையான மதுவைத் தொடமாட்டேன் என்று அவரவர் விருப்பப்பட்டு உறுதிமொழி எடுத்தார்கள். பீர், ஒயின் அளவோடு குடிப்பதைப் பலர் தப்பாக நினைக்கவில்லை. குடிகாரக் கணவர்களிடம் அடிபட்ட பெண்களுக்கு அந்த இயக்கம் பெரிய ஆறுதல், அதை மறக்கக் கூடாது. கொஞ்ச காலத்தில் ஒரு சொட்டும் கூடாது என்றானது. அப்புறம் நான் குடிக்கமாட்டேன் என்பது நீயும் குடிக்கக் கூடாது என்று மாறியது. 1851-இல் மெய்ன் மாநிலத்தில் சட்டம் வந்தது. 1920-இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக நாடு முழுவதும் தடை.

குடி குறையவே இல்லை என்று சிலர் சொல்வது சரியில்லை. முதல் சில வருடங்களில் நன்றாகவே குறைந்தது. ஆனால் கள்ளச் சந்தை செழித்தது, அல் கபோன் மாதிரி கள்ள மதுக் கும்பல் தலைவர்கள் கொழுத்தார்கள். வழிபாட்டுக்கு ஒயினை அனுமதித்திருந்தார்கள். அதனால் திடீரென்று நிறையப் பேருக்குப் பக்தி வந்துவிட்டது! 1933 டிசம்பரில் சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். மிதம் என்று பெயர் வைத்துக்கொண்ட இயக்கம், ஒவ்வொரு படியிலும் நல்ல எண்ணத்தோடுதான் போயிருக்கிறது. என்னைப் பயமுறுத்துவதே அந்த நல்ல எண்ணம்தான்.

இன்னொரு அடக்கம் இருக்கிறது, நமக்கெல்லாம் மிகவும் கஷ்டமானது. நாவடக்கம். அசோகர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பாறைகளில் செதுக்கி வைத்த ஆணைகளில் பன்னிரண்டாவது இதைப் பற்றியது. எல்லாச் சமயங்களின் சாரமும் வளர வேண்டும், அதற்கு வேர் நாவடக்கம் என்கிறார். காரணமில்லாமல் தன் சமயத்தைப் புகழ்வதும் பிறர் சமயத்தை இகழ்வதும் கூடாது, அப்படிச் செய்கிறவர் தன் சமயத்துக்கே கேடு செய்கிறார் என்கிறார். கலிங்கப் போரின் சாவுகளைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர். நான் கவனித்த ஒரு சொல், காரணமில்லாமல் என்பது. பேசவே கூடாது என்று அவர் வாயை மூடவில்லை. பேச இடம் கொடுக்கிறார், பேச்சில் மிதம் கேட்கிறார். என் மதத்தைப் பற்றி யாராவது தப்பாக எழுதினால் என் கட்டைவிரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அந்த வேகம் விரத நாளிலும் குறைவதில்லை. வயிற்றைக் கட்டத் தெரிந்த எனக்கு வாயைக் கட்ட இன்னும் வரவில்லை.

ரயில் கதைக்கு வருகிறேன். பொட்டலத்தை உள்ளே வைத்த பிறகு அந்தப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கப் போனார். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பட்டையை மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை போலிருக்கிறது. எனக்கு அது உறைக்கவே அரை மணி நேரம் ஆனது. அதுவரை நான் விரதத்தின் பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டால் அவர் இன்னும் சங்கடப்படுவார். சாப்பிடுங்கள் என்று வற்புறுத்தினாலும் எனக்கு முன்னால் சாப்பிடமாட்டார். அதனால், "கொஞ்ச நேரம் கதவுப் பக்கம் காற்றாட நிற்கிறேன், என் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று எழுந்து போனேன். நாலு அடி வைத்திருப்பேன். பின்னால் காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது.