ஜஹானாராவை வெறும் தியாக மகளாக்காதீர்கள்

அவையோருக்கு வணக்கம்.

ஜஹானாரா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஆக்ரா கோட்டைதான். மகன் ஔரங்கசீப் சிறைவைத்த தகப்பன் ஷாஜகானுக்குப் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்த மகள். அது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. 1658 முதல் 1666 வரை அவர் அப்படித்தான் வாழ்ந்தார். ஆனால் அதற்கு முன்னால் இருபத்தேழு வருஷம் அவர் முகலாய சாம்ராஜ்யத்தில் என்னவாக இருந்தார்? அதை ஏன் நாம் பேசுவதில்லை?

1631இல் புர்ஹான்பூரில், பதினான்காவது பிரசவத்தில் தாய் மும்தாஜ் இறந்துபோனார். அப்போது ஜஹானாராவுக்குப் பதினேழு வயது. ஷாஜகானுக்கு வேறு மனைவியர் இருந்தார்கள். ஆனாலும் அந்தப்புரத்தின் தலைமைப் பட்டமான 'பாதுஷா பேகம்' மகளுக்குத்தான் போனது. மும்தாஜ் விட்டுச்சென்ற சொத்து ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அதில் பாதி இவருக்கு; மற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து மீதிப் பாதி. ஆண்டு மானியமும் ஆறு லட்சத்திலிருந்து பத்து லட்சமாக உயர்ந்தது.

இவ்வளவு பணம் கைக்கு வந்தால் நகை வாங்கிப் பூட்டி வைத்திருக்கலாம். அவர் கப்பல் விட்டார். சூரத் துறைமுகத்தின் வருவாய் பிற்பாடு அவருக்கே எழுதி வைக்கப்பட்டது. அவருடைய 'சாஹிபி' கப்பல் அங்கிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிப்போனது. மக்காவின் ஏழைகளுக்கு அதில் அரிசி அனுப்பவும் உத்தரவிட்டார். திரைக்குப் பின்னால் இருந்தபடியே ஒரு பெண் கடல் வாணிபம் நடத்தியிருக்கிறார், யோசித்துப் பாருங்கள்!

1644இல் ஒரு விபத்து. விளக்குச் சுடர் ஜஹானாராவின் உடையில் பட்டது. வாசனை எண்ணெய் ஊறிய மெல்லிய துணி, குப்பென்று பிடித்துக்கொண்டது. அணைக்கப் பாய்ந்த பணிப்பெண்களில் இருவர் பின்னர் இறந்தே போனார்கள். தகப்பன் ஷாஜகான் மகளின் படுக்கையருகிலேயே கிடந்தார். ஓர் ஆங்கில வைத்தியர் அவரைக் குணப்படுத்தியதால்தான் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிக்கு வாணிப உரிமை கிடைத்தது என்று ஒரு கதை இன்றும் ஓடுகிறது. நம்பாதீர்கள். அந்த வைத்தியர் முகலாய அரசவைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

அப்புறம் டெல்லி. 1650 வாக்கில் சாந்தினி சவுக்கை அமைத்தவர் இவர்தான். கடைவீதி, நடுவில் குளம், பக்கத்தில் பெரிய தோட்டம், வெளியூர் வணிகர்கள் தங்க ஒரு சத்திரம். அந்தச் சத்திரத்தைப் பார்த்த பிரெஞ்சுப் பயணி பெர்னியர், பாரிசிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று எழுதினார். 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அதை இடித்துவிட்டார்கள். எனக்கு இன்றும் வயிறு எரிகிற விஷயம் அது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவருடைய இன்னோர் ஆசை. காஷ்மீரில் முல்லா ஷா என்ற சூஃபி குருவிடம் தீட்சை பெற்றார். தைமூர் வம்சத்தில் மெய்ஞ்ஞான விளக்கேற்றியவர்கள் தானும் தம்பி தாராவும்தான் என்று தன் கையாலேயே எழுதி வைத்தார். என்ன துணிச்சல் பாருங்கள்! அடக்க ஒடுக்கமான மகள் எழுதுகிற வரியா அது?

வாரிசுப் போர் வந்தபோது அவர் தாரா பக்கம். தங்கை ரோஷனாரா ஔரங்கசீப் பக்கம். 1658இல் தாரா தோற்றதும் ஜஹானாரா அழுதுகொண்டு உட்காரவில்லை. வென்று வந்த தம்பி ஔரங்கசீப்பின் பாசறைக்கே நேரில் போனார். சாம்ராஜ்யத்தைச் சகோதரர்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். பஞ்சாப் தாராவுக்கு, வங்காளம் ஷுஜாவுக்கு, குஜராத் முராதுக்கு என்று நாட்டையே பிரித்துச் சொன்னார். ஔரங்கசீப் ஏற்கவில்லை. அதற்குப் பிறகுதான் நீங்கள் அறிந்த அந்த ஆக்ரா கோட்டை வாழ்க்கை.

1666 ஜனவரியில் ஷாஜகான் இறந்தார். எதிர்த்து நின்ற இந்த அக்காவை ஔரங்கசீப் என்ன செய்தார்? தனக்காகப் பாடுபட்ட ரோஷனாராவை விட்டுவிட்டு, பாதுஷா பேகம் பட்டத்தை மறுபடி ஜஹானாராவிடமே கொடுத்தார். மானியத்தைப் பதினேழு லட்சமாக உயர்த்தினார். டெல்லியில் தனி மாளிகையும் தந்தார். 1681இல் அவர் இறந்தபோது, இனி ஆவணங்களில் அவரைச் 'சாஹிபத்-உஸ்-ஸமானி', அதாவது காலத்தின் தலைவி, என்றே குறிக்க வேண்டும் என்று உத்தரவிட்டதும் அதே ஔரங்கசீப்தான்.