முதுகு காட்டாத எமிகோ

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் தந்த பள்ளித் தாளாளர் அய்யா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, புரொஜெக்டரை ஸ்கூட்டரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்த தம்பி அவர்களே, அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள், நன்றாகவே கொடுங்கள், அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானிய நடிகை மொமோக்கோ கோச்சியைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். அவருடைய குடும்பம், அவர் நடித்த காட்ஸில்லா என்ற ராட்சத மிருகப் படம், அப்புறம் அவருடைய நாடக மேடை. எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும், "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமாடா" என்று. இன்றைக்கு அதை நான் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1932-ல் டோக்கியோவில் பிறந்தவர். ஓகோச்சி என்ற குடும்பப் பெயரில் முதல் எழுத்தை விட்டுவிட்டுக் கோச்சி என்று வைத்துக்கொண்டார். அப்பா ஓவியர். தாத்தா மசதோஷி ஓகோச்சி பிரபு வம்சம், ரிக்கென் என்ற பெரிய அறிவியல் ஆய்வு நிறுவனத்தை 1921-லிருந்து 25 வருடம் நடத்தியவர். போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவத்துக்காக அணுகுண்டு ஆராய்ச்சி நடந்ததும் அங்கேதான். தோற்ற பிறகு, 1945 நவம்பரில், அமெரிக்கப் படையினர் அந்த நிறுவனத்தில் அணு ஆராய்ச்சிக்கு வைத்திருந்த சைக்ளோட்ரான் கருவிகளை உடைத்து டோக்கியோ விரிகுடாவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதே விரிகுடாவில்தான் 9 வருடம் கழித்துக் காட்ஸில்லா படத்தின் கடைசிக் காட்சி நடக்கிறது, கப்பல் தளத்தில் நின்று அழுவது அந்தத் தாத்தாவின் பேத்தி. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். கோச்சி 1953-ல் டோஹோ என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தின் புதுமுகத் தேர்வில் வந்தவர், காட்ஸில்லாவில் கூட நடித்த அகிரா தகாராடாவும் அதே வரிசை. மறு வருடம் மார்ச் 1-ல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மேலும் விழுந்தது, செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பர் 3-ல் இஷிரோ ஹோண்டா இயக்கிய காட்ஸில்லா வெளிவந்தது. படம் தொடங்குவதே கடலில் ஒரு கப்பல் ஒளிவெள்ளத்தில் அழிவதில்தான். பார்த்த ஜனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முழுப் பூசணிக்காய்!

எல்லோரும் மிருகத்தையே பார்க்கிறோம். கதையைத் திருப்புவது கோச்சி நடித்த எமிகோ. விஞ்ஞானி செரிசாவா, அந்த மிருகத்தையே கொல்லக்கூடிய தன் பயங்கரக் கண்டுபிடிப்பை அவளிடம் மட்டும் காட்டி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்குகிறார். அவள் காப்பாற்றுகிறாள். பிறகு ஊர் எரிகிறது, ஆஸ்பத்திரித் தரையில் வரிசையாகக் கிடக்கிறார்கள், ஒரு குழந்தையின் பக்கத்தில் கதிர்வீச்சுக் கருவியை நீட்டுகிறார்கள். அங்கேதான் அவள் வாக்கை உடைக்கிறாள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த முகத்துக்கு வந்த கதியைச் சொல்கிறேன். சில வருடம் முன்னால் வேறொரு ஊரில் ஓர் அமைப்பு இந்தப் படத்தைப் போட்டது, நானும் போயிருந்தேன். போட்டது 1956-ல் அமெரிக்காவில் வெட்டி ஒட்டிய வடிவம். ரேமண்ட் பர் என்ற நடிகரைப் புதிதாக நுழைத்து, ஜப்பான்காரர்களோடு அவர் பேசுகிற மாதிரி எடுத்துச் சேர்த்தார்கள். கோச்சி அங்கே இல்லையே, என்ன செய்வது? வேறொரு பெண்ணை நிறுத்தி முதுகுப் பக்கமாகவே எடுத்தார்கள். என் பக்கத்தில் ஓர் ஆச்சி, பேரனோடு வந்தவர், வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. பேரனிடம் கேட்டார், "ஏன்டா, அந்தப் புள்ள ஏன் இப்பத் திரும்பவே மாட்டேங்குது? கோவமா?" பேரன் "சும்மா இரு ஆச்சி" என்றான். ஆச்சி விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அரங்கமே கேட்கிற மாதிரி, "இது அந்தப் புள்ள இல்லடா, தோளு வேற!" என்றார். சினிமாக்காரர்கள் ஒப்பனையெல்லாம் போட்டு ஒளித்ததை ஒரு கிழவி தோளைப் பார்த்துப் பிடித்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

மறைத்தது அவரை மட்டுமா? ரயிலில் ஒரு பெண் நாகசாகியில் தப்பியதைச் சொல்லும் பேச்சும் அந்த வடிவத்தில் இல்லை. மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வந்தது 2004-ல்தான். அதனால்தான் நான் போகிற மேடையிலெல்லாம் கேட்கிறேன்: வெட்டாத மூலப்படத்தைப் போடுங்கள், கீழே தமிழ் வசனவரி போடுங்கள். ஆங்கில வரி போதும் என்பவர்கள் அந்த ஆச்சியை நினைத்துப்பாருங்கள். அவருக்கு உள்ள கண்ணுக்குத் தமிழில் நாலு வரி கிடைத்திருந்தால்!

கோச்சி அதன்பிறகு பனிமனிதன் படத்திலும், 1957-ல் வேற்றுக்கிரகவாசிகள் படம் ஒன்றிலும் நடித்தார். பனிமனிதன் படத்தை, மலைவாசிகளைக் காட்டிய விதத்துக்காக, டோஹோவே பூட்டி வைத்திருக்கிறது. பிறகு அந்த நிறுவனத்தை விட்டு ஹையூசா நாடகக் குழுவின் பள்ளியில் சேர்ந்து மேடைக்குப் போனார். பூதப்படப் பெண் என்ற பெயரைத் தாண்ட ஒரு நடிகை பட்ட பாடு அது. அதைத் தனியாகவே பேச வேண்டும், இன்று நேரமில்லை.

1995-ல், 41 வருடம் கழித்து, இன்னொரு காட்ஸில்லா படத்தில் எமிகோவாகவே திரும்பி வந்தார். அந்தக் கண்டுபிடிப்பை மறுபடி தொடாதீர்கள் என்று இளையவர்களிடம் சொல்லும் வயதான எமிகோ. இந்த முறை முகம் நேராகத் தெரிகிறது. 1998-ல் 66 வயதில் காலமானார்.

அடுத்த மாதம் இதே அரங்கில் மூலப்படத்தைப் போடுவதாகத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருக்கு நன்றி. படம் 96 நிமிடம். தமிழ் வசனவரி எழுத ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு இருபது நிமிடத்து வசனம்கூட வராது. தமிழில் தட்டச்சு தெரிந்தவர்கள் வாசலில் ஸ்கூட்டர் தம்பி வைத்திருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். ஆஸ்பத்திரிக் காட்சியை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.