ஏற்புவலி நஞ்சு ஏன் ரி கலத்தைத் தாக்கிறதில்ல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி உவர்மலையில இருந்து. உயர்தரத்தில உயிரியல் படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. வாசிக்கிறன்: "நரம்புக் கலம் கடத்தி இரசாயனத்தை வெளியில விடுறதும், ரி கலம் எண்ட வெள்ளைக் குருதிக் கலம் வைரஸ் தொற்றின கலத்தைக் கொல்லுறதும் ஒரே பொறிமுறை எண்டு போன காணொளியில சொன்னீங்கள். ஏற்புவலி நஞ்சு அந்தப் பொறிமுறையைத்தானே வெட்டுது? அப்ப ஏற்புவலி வந்த ஆளுக்கு நிர்ப்பீடனமும் விழவேணுமே, ஏன் விழுறதில்ல?"

தங்கச்சி, சரியான இடத்தில பிடிச்சிருக்கிறீங்கள். மறுமொழியை முதலே சொல்லிவிடுறன். அந்த நஞ்சு ரி கலத்துக்குள்ள போய்ச் சேர்ந்தா அங்கயும் வெட்டத்தான் செய்யும். எலியின்ர ரி கலத்தில அதைச் செய்தே காட்டியிருக்கினம். நோயாளியில அது உள்ளுக்குப் போக வழி கிடைக்கிறதில்ல, அவ்வளவுதான்.

பொறியை ஒருக்காப் பார்ப்பம். நரம்பு முனையில கடத்தி, அதாவது அடுத்த கலத்துக்குச் செய்தி கொண்டுபோற இரசாயனம், நிறைஞ்ச புடகம் எண்ட சின்னப் பை கலமென்சவ்வுக்குக் கிட்ட வந்து நிக்குது. விட்டம் ஏறத்தாழ 40 நனோமீற்றர். ரெண்டு மென்சவ்வும் தாமாச் சேராது. ரெண்டின்ர மேற்பரப்பிலயும் மறை ஏற்றம், நடுவில நீர்ப் படை. அதை மீறிச் சேர்க்கிறது ஸ்நெயார் புரதங்கள். புடகத்தில சினப்டோபிரெவின், கலமென்சவ்வில சின்டாக்சினும் ஸ்நாப்-25உம். மூண்டும் சேர்ந்து கயிறு மாதிரி நாலு புரியா முறுகும். ஸ்நாப்-25 மட்டும் ரெண்டு புரி குடுக்கும், மற்ற ரெண்டும் ஒவ்வொண்டு. முறுக்கு தூர நுனியில தொடங்கி மென்சவ்வுப் பக்கம் இறுகிக்கொண்டு வரேக்க ரெண்டு மென்சவ்வும் இழுபட்டு ஒண்டாகும். கல்சியம் வந்து, அதை உணருற சினப்டோரக்மின் எண்ட புரதத்தில பிடிச்சவுடன கடைசி இறுக்கம். நரம்பில இது முடிய ஒரு மில்லிசெக்கன்கூட ஆகாது. 2013இல ரொத்மன், ஷெக்மன், சூடொஃப் மூண்டு பேருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைச்சது இந்தப் புடகப் போக்குவரத்துக்காகத்தான்.

நஞ்சில ரெண்டு துண்டு. ஏறத்தாழ 100 கிலோடால்ற்றன் உள்ள பெரிய துண்டு கலத்தைத் தேடிப் பிடிக்கும். 50 கிலோடால்ற்றன் உள்ள சின்னத் துண்டு நாகம் கொண்ட ஒரு நொதியம், அதுதான் கத்தி. சினப்டோபிரெவின்-2இல 76ஆம் 77ஆம் அமினோ அமிலங்களுக்கு இடையில இருக்கிற ஒரே ஒரு பிணைப்பைத்தான் அது அறுக்கும். அறுத்தால் ஒரு புரி போச்சுது, முறுக்கு ஏறாது. புடகம் வந்து நிக்கும், உள்ள கடத்தியும் இருக்கும், ஆனா வெளியில வராது.

இனி ரி கலம். கொல்லுற ரி கலம் இலக்குக் கலத்தோட ஒட்டின இடத்தில ஒரு சந்தி உண்டாகும். நிர்ப்பீடனச் சினாப்ஸ் எண்டு சொல்லுறது. அங்க சிறுமணிகளைக் கொண்டுவந்து, இலக்கில துளை போடுற பெர்போரினையும் அதைச் சாகடிக்கிற கிரான்சைம் நொதியத்தையும் கொட்டும். இங்க நரம்பில இல்லாத வேற ஸ்நெயார்தான் வேலை செய்யும் எண்டுதான் எதிர்பார்த்தவை. ஜேர்மனியில ஹோம்பேர்க்கில, சார்லாந்துப் பல்கலைக்கழகத்தில யென்ஸ் ரெட்டிக்கின்ர குழு, சினப்டோபிரெவின்-2இல சிவப்பாய் ஒளிருற புரதம் பொருத்தின எலிகளை வைச்சுப் பார்த்தது. நரம்பின்ர அதே சினப்டோபிரெவின்-2 ரி கலத்தின்ர கிரான்சைம் சிறுமணியிலயும் இருந்தது. 2013இல வெளிவந்த அந்த வேலையில ஏற்புவலி நஞ்சால அதை வெட்டினபோது சிறுமணி வெளியேறுறது முழுசா நிண்டுபோச்சுது. அதுக்கு முந்தின படிகளுக்கு ஒண்டும் நடக்கேல்ல. இது எலிக் கலத்தில கண்டது எண்டதை மறக்கவேண்டாம். மனிசரின்ர ரி கலத்தில இதே குடும்பத்தைச் சேர்ந்த வேற உறுப்பினர்களுக்கும் பங்கு இருக்குது.

அப்ப நோயாளியில ஏன் நரம்பு மட்டும்? பெரிய துண்டு பிடிக்கிறது சியாலிக் அமிலம் கூடின கங்லியோசைட்டு எண்ட கொழுப்புகளில. அது நிறைய இருக்கிறது நரம்பு முனையிலதான். அங்க பிடிச்சு, உள்ளுக்குப் போய், நரம்புநார் வழியா முண்ணாணுக்கு ஏறி, தசையை அடக்கி வைக்கிற நரம்புக் கலங்களுக்குள்ள போகும். அவை கிளைசீன், காபா எண்ட அடக்குற கடத்திகளை விடாமப் போகவே தசை தளராம இறுகுது. நஞ்சின்ர அளவும் மிகச் சின்னன். அதால ஏற்புவலி வந்து பிழைச்ச ஆளுக்குக்கூட அதுக்கு எதிரான நிர்ப்பீடனம் வராது. பிறகும் தடுப்பூசி போடத்தான் வேணும். நிலாவெளியில முருகைக்கல்லு வெட்டினாலும் குச்சவெளியில தூண்டில் முள்ளு ஏறினாலும் காயத்தைக் கழுவி உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு சொல்லுறதுக்குக் காரணம் இருக்குது. எதிர்நஞ்சு பிறபொருளெதிரி, நரம்புக்குள்ள இன்னும் போகாத நஞ்சைத்தான் பிடிக்கும். உள்ள போனதை ஒண்டும் செய்யேலாது.

சுரப்பு நடந்ததெண்டு எப்பிடித் தெரியும் எண்டும் கன பேர் கேக்கிறீங்கள். புடகம் சேர்ந்தா கலத்தின்ர மேற்பரப்பு கூடும், மேற்பரப்பு கூடினா மென்சவ்வின்ர மின் கொள்ளளவம் கூடும். ஒரு சதுர மைக்ரோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பெம்டோபரட். 300 நனோமீற்றர் சிறுமணி ஒண்டு 2.8 பெம்டோபரட் அளவு கூட்டும். 40 நனோமீற்றர் நரம்புப் புடகம் 0.05 மட்டும்தான், பதிவின்ர இரைச்சலுக்குள்ளயே போயிடும். அதாலதான் பெரிய சிறுமணிகள் உள்ள, அதிரீனல் சுரப்பியின்ர குரோமபின் கலங்களில இந்த வேலை கனக்க நடந்தது. ரி கலத்தில கண்ணாடித் தகட்டை ஒட்டின 100, 200 நனோமீற்றர் ஆழத்தை மட்டும் ஒளிரவைக்கிற நுணுக்குக்காட்டி உதவும். தகட்டில, ரி கலத்தின்ர மேற்பரப்பில இருக்கிற சிடி3 எண்ட புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியைப் பூசினா, அதை இலக்கு எண்டு நினைச்சு ரி கலம் வந்து படுக்கும். பிழை விடுற இடம் இதுதான்: ஒரு சிறுமணி மறைஞ்சா அது வெளியேறிட்டுது எண்டு எழுதிப்போடுறது. உள்பக்கம் திரும்பிப் போனாலும் அப்பிடித்தான் மறையும். வெளியேறினதெண்டா ஒளி ஒருக்காப் பரவி விரியவேணும். நடுநிலைப் பீஎச்சில மட்டும் ஒளிருற குறியீடு போட்டா இன்னும் தெளிவு. சிறுமணிக்குள்ள அமிலம், வெளியில அமிலமில்ல, அதால சேருற கணத்தில பளிச்செண்டு தெரியும். இன்னொண்டு, தூண்டப்படாத ரி கலத்தில சிறுமணி மிகக் குறைவு. சில நாள் தூண்டி வளர்க்காமப் பார்த்தா ஒண்டும் நடக்கேல்ல எண்டுதான் முடிவெடுப்பீங்கள்.

உங்கட கேள்வியைத் திருப்பியும் கேக்கலாம்: நிர்ப்பீடனம் மட்டும் விழுந்து நரம்பு தப்புறது உண்டா? உண்டு. புடகத்தைத் தயார்ப்படுத்துற புரதம் நரம்பில மங்க்13-1, ரி கலத்தில மங்க்13-4. பிறப்பிலயே மங்க்13-4 பழுதான குழந்தைக்கு ரி கலம் சந்தியைப் பிடிக்கும், சிறுமணியும் அங்க வந்து சேரும், கொட்டாது. இலக்குக் கலம் சாகாததால ரி கலம் விடாமச் சைற்றோகைன் எண்ட அழற்சிச் சைகைப் புரதங்களைச் சுரந்துகொண்டிருக்கும். காய்ச்சல் இறங்காது, மண்ணீரல் வீங்கும், குருதிக் கலங்கள் குறையும். சின்டாக்சின்-11, மங்க்18-2 பழுதானாலும் இதே மாதிரி நோய்தான். இதைக் கண்டுபிடிக்க ரி கலத்தைத் தூண்டிப்போட்டு மேற்பரப்பில சிடி107ஏ வருதா எண்டு பார்ப்பினம். அது சிறுமணியின்ர மென்சவ்வுப் புரதம், சிறுமணி சேர்ந்தாத்தான் வெளியில தெரியும். பெர்போரினே இல்லாத குழந்தைக்கும் இதே நோய் வரும், ஆனா சிறுமணி ஒழுங்கா வெளியேறுறதால சிடி107ஏ சரியாத்தான் காட்டும். அதால பெர்போரின் அளவையும் சேர்த்தே பார்க்கிறது.