குழி வெட்டும் முன்பே அளக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். சரளைக்கல் குவாரிக்கு அருகிலுள்ள ஈரநிலத்தின் நீர்மட்டத்தைக் காப்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள்.

சரளைப் படுகையில் கற்களுக்கிடையே நிறைய இடைவெளி உண்டு. நிலத்தடி நீர் அதில் தங்குதடையின்றி ஓடும். குவாரியை உலர்வாக வைத்துக்கொள்ள பம்ப் வைத்து இறைத்தால், சுற்றிலும் நீர்மட்டம் புனல் வடிவில் தாழும். களிமண்ணில் மெல்லப் பரவும் இந்தத் தாழ்வு, சரளையில் வெகுதொலைவு எட்டிவிடும். இறைக்காமல் தண்ணீருக்குள்ளேயே தோண்டினாலும் ஆபத்து நீங்குவதில்லை. நிலத்தடி நீர்மட்டம் சரிவாக இருக்கும். குழியில் தேங்கும் நீரோ சமமாக நிற்கும். அதனால் சரிவில் குழிக்கு மேலே உள்ள பக்கம் நிலத்தடி நீர் இறங்கும், கீழே உள்ள பக்கம் ஏறும்.

கண்ணால் பார்த்து, "தண்ணீர் இருக்கிறதே" என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஒரு மழை பெய்தால் மேலே நீர் நிற்கும். அடியிலிருந்து ஊறிவந்த நீர் நின்றுபோனது அப்போது தெரியாது. ஆகவே ஓர் அளவுகோலை நட்டு மேல்மட்டத்தைக் குறிப்பது மட்டும் போதாது. அதன் பக்கத்திலேயே ஆழம் குறைந்த குழாய் ஒன்று, ஆழமான குழாய் ஒன்று என இரண்டை இறக்க வேண்டும். ஆழம் குறைந்த குழாயைவிட ஆழக் குழாயில் நீர் உயர்ந்து நின்றால், நிலத்தடி நீர் ஈரநிலத்துக்கு ஊட்டம் தருகிறது என்று பொருள். அது தாழ்ந்து, நீரோட்டம் கீழ்நோக்கித் திரும்பினால், அதுவே முதல் எச்சரிக்கை. செடிகள் அதைக் காட்டப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். கரிமண், அதாவது முழுதாக மட்காத செடிகொடி எச்சம், படிந்த சதுப்பாக இருந்தால் அதற்குள் காற்றுப் புகுந்து மண் மட்கி, தரையே அமிழ்ந்துவிடும். பிறகு எவ்வளவு நீர் விட்டாலும் பழைய நிலை எளிதில் திரும்பாது.

இந்த அளவீடுகள் குவாரி தொடங்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களும் பதிவாவது மிகக் குறைந்த தேவை. ஈர ஆண்டும் வறண்ட ஆண்டும் சேர்ந்து கிடைத்தால் நல்லது. இல்லையென்றால், பின்னாளில் நீர் குறையும்போது ஒரு தரப்பு மழையைக் குறைசொல்லும், மறுதரப்பு குவாரியைச் சொல்லும். இரண்டுக்கும் சான்று இருக்காது. அதே மழை பெறும், குவாரியின் பாதிப்பு எட்டாத இன்னோர் ஈரநிலத்தையும் சேர்த்து அளந்தால் இந்தச் சச்சரவு பெரும்பாலும் தீரும். தானியங்கிக் கருவி பொருத்தினாலும், அவ்வப்போது நாடாவை இறக்கிக் கையால் அளந்து சரிபார்க்கத்தான் வேண்டும்.

எந்த மட்டத்துக்குக் கீழே போனால் பம்பை நிறுத்துவது என்பதை அனுமதி ஆணையிலேயே எண்ணாக எழுதிவிட வேண்டும். "ஆராய்ந்து முடிவு செய்யப்படும்" என்ற வாசகத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஆராய்ச்சி முடிவதற்குள் சதுப்பு காய்ந்துவிடும்.

இறைத்த நீரை வண்டல் படியவிட்டு, குவாரிக்கும் ஈரநிலத்துக்கும் நடுவே அகழி வெட்டி மீண்டும் ஊறச்செய்யும் வழி இருக்கிறது. அது பயன் தரும். ஆனால் சுண்ணாம்புச் சத்துள்ள ஊற்றுநீரை நம்பி வாழும் செடிகளுக்கு ஏதோவொரு நீர் போதாது. அதன் தன்மையும் பொருந்த வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலேயே தோண்டுவதை நிறுத்திவிடுவதுதான் என் பார்வையில் மிகப் பாதுகாப்பானது.

குவாரி மூடப்பட்ட பிறகும் குழியில் நிற்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகையால் அதன்பின் வரும் ஆண்டுகளின் அளவீட்டுக்கான பணத்தை, முதல் லாரி சரளை வெளியேறும் முன்பே வைப்புத்தொகையாகக் கட்டச் சொல்லுங்கள். வணக்கம்.