கையில் இருக்கும் வெண்ணெய்

(திருகோணமலையில் நூலக வாசகர் கூட்டமொன்றில் பேசியது)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, வலயக் கல்விப் பணிமனை அதிகாரிகளே, முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் அமர்ந்திருக்கும் குருக்கள் ஐயா, மௌலவி அவர்கள், பங்குத்தந்தை அவர்கள், மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று தூரத்தில் இருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம். நூலகர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லவேண்டும். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குப் போகாமல் எங்களுக்காக மண்டபத்தைத் திறந்து வைத்திருக்கிறார், வந்த எல்லோருக்கும் தேநீரும் அவர் ஏற்பாடுதான்.

இன்றைக்கு மூன்று விஷயம் கதைக்க வந்தேன். ஒன்று, அன்றாடம் கண்ணில் படும் அதிசயங்கள். இரண்டாவது, கைக்கு இதமான பொழுதுபோக்குகள். மூன்றாவது, குடும்ப நினைவுகள். மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி இருக்கிறது: வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அடுத்தடுத்து இருந்தாலும் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த கதையை எல்லோரும் சொல்வோம், சரி, அது எங்கள் சொத்து. ஆனால் எரிமலையே இல்லாத நாட்டில் தண்ணீர் எப்படிச் சுடுகிறது என்று எத்தனை பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்? மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளின் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறித் திரும்பி மேலே வருகிறது. ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றை யூடியூப்பில் பார்த்து வாய்பிளக்கும் பிள்ளையை ஒருநாள் கன்னியாவுக்குக் கூட்டிப்போய்க் கையை நனைக்க விடுங்கள்.

அடுத்தது பொழுதுபோக்கு. முத்திரை சேர்ப்பது, சிப்பி சேர்ப்பது பற்றி எல்லாம் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். ஆனால் என் அம்மம்மாவின் கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

அம்மம்மா மூதூர்ப் பக்கம். பனை ஓலையில் அவருக்கு இழைக்கத் தெரியாத சாமான் இல்லை. பாய், சுளகு, கடகம், வெற்றிலை வைக்கிற கொட்டப்பெட்டி என்று எல்லாம் செய்வார். எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை உரித்தெடுத்து, ஒரே அகலத்துக்கு வார்ந்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்கி மடியில் போட்டுக்கொள்வார். கூரான அடியில் தொடங்கி ஓலையை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டே மேலே வர வர வாய் அகலும். ஒவ்வொரு வரியையும் பெருவிரல் நகத்தால் அழுத்தி இறுக்குவார். கண் எங்களைப் பார்த்துக் கதை சொல்லும், கை தன்பாட்டுக்கு ஓடும்.

ஒருமுறை குவைத்தில் இருந்து வந்த மாமா, தாய்க்கென்று மினுமினுக்கிற அலுமினியப் பாத்திரம் ஒன்றை வாங்கிவந்தார். "இனி இந்த ஓலையோட மாரடிக்கத் தேவையில்லை அம்மா, இதில பிட்டு அவியுங்கோ" என்றார். அம்மம்மா திருப்பித் திருப்பிப் பார்த்து, "வடிவாக் கிடக்குது" என்று சொல்லி, அடுத்தநாள் காலை அதிலேயே அவித்தார். மூடியில் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாக விழுந்து பிட்டு களியாகிப் போனது. மாமா ஒரு சொல்லும் பேசாமல் சாப்பிட்டார். அம்மம்மாவும் வாய் திறக்கவில்லை. அதற்கும் அடுத்தநாள் விடியக்காலை நான் எழும்பிப் பார்க்கிறேன், மாமா அடுப்படியில் நிற்கிறார். புகைபிடித்துக் கறுத்துப்போய் வளையில் தொங்கின நீத்துப்பெட்டியை எடுத்து, தட்டி, ஊதி, தாயிடம் நீட்டுகிறார். அது ஓலை, ஆவியின் ஈரத்தைத் தானே குடித்துக்கொள்ளும், பிட்டு உதிரியாக ஓலை மணத்தோடு வரும். அம்மம்மா கேட்டார், "வெண்ணெயைக் கையில வைச்சுக்கொண்டு நெய்க்கு ஏன் ராசா குவைத் வரைக்கும் போனனீ?" அன்றைக்கு மாமா சொதி ஊற்றி ஊற்றிச் சாப்பிட்ட சாப்பாட்டை ஊரே பார்த்தது. அலுமினியப் பாத்திரம் பிறகு ஓலை நனைக்கப் பயன்பட்டது.

மூன்றாவது, நினைவுகள். எங்கள் குடும்பப் படங்களில் பாதி 2004 சுனாமியில் கடலோடு போனது, மிச்சம் 2006இல் சண்டையால் மூதூர், சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தபோது போனது. இந்த மண்டபத்தில் பலருக்கும் அதே கதைதான். அம்மம்மாவிடம் மிஞ்சியது அந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான். முகாமில் யாரோ கொண்டுவந்து கொடுத்த ஓலையில் அவர் திரும்ப இழைக்கத் தொடங்கியபோது சுற்றிவர இருந்த பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இதைப் பற்றி இன்னும் சொல்லலாம், ஆனால் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் வந்த காரியத்தையும் சொல்லவேண்டும்.

பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் மான்களைப் பார்த்திருப்பீர்கள். வாழைப்பழத் தோலோடு சேர்த்துப் பொலித்தீன் பையையும் மெல்லுகின்றன. நாங்கள் அர்ச்சனைச் சாமான் கொண்டுபோன பை அது. 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்குத் தடை வந்தது, இருந்தும் எங்கள் கையில் பை தொங்குவது நிற்கவில்லை. சட்டத்தை மட்டும் நம்பி இருக்கமுடியாது. அர்ச்சனைக்கு ஓலைப்பெட்டி, கந்தூரிக்கு ஓலைப்பெட்டி, தேவாலயத் திருநாளுக்கும் ஓலைப்பெட்டி என்று வந்தால், முன்வரிசையில் இருக்கும் மூன்று பெரியவர்களும் ஒரு வார்த்தை சொன்னால், ஊர் கேட்கும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது, பயிற்சிகளும் நடந்தன. ஆனாலும் எங்கள் ஓலைச் சாமான் கொழும்பில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து விலைபோக, எங்கள் அடுப்படியில் பிளாஸ்டிக் கூடை கிடக்கிறது. வெண்ணெய் எங்கள் கையில்தானே இருக்கிறது!

பிள்ளைகளே, இழைக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கட்டாயம் இருப்பார். அவரைக் கேளுங்கள், அவர் கையை போனில் வீடியோ எடுத்து வையுங்கள், பக்கத்தில் இருந்து நீங்களும் இழையுங்கள். முதல் பெட்டி கோணலாகத்தான் வரும், வரட்டும்.

அடுத்த சனிக்கிழமை இதே மண்டபத்தில் தொடங்குகிறோம். நூலகர் அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டார். மூதூரில் இருந்து இரண்டு அம்மாமார் கற்றுக்கொடுக்க வருகிறார்கள். குருத்தோலை நான் கொண்டுவருகிறேன், நீங்கள் ஆளுக்கொரு சின்னக் கத்தியும் ஈரத்துணியும் கொண்டுவந்தால் போதும். தேநீர் குடிக்கப் போகும்போது வாசல் மேசையில் இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். ஆண்பிள்ளைகளும் எழுதலாம்.